எப்போது அடிபட்டது

வெள்ளிக்கிழமை மாலை ரயன் தன் மனைவி விவியனை மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டால் அடித்தான். செந்தூல் ஃபிளாட்டின் பதினோராவது மாடியில், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த மூன்றடி இடத்தில் அது நடந்தது. ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் கை ஓங்காத மாதங்கள் குறைவு. ஆனால் அதுவரை கையாலும் பெல்ட்டாலும்தான் அடித்திருந்தான். அன்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தவன், பிரிக்ஃபீல்ட்ஸ் பல் கிளினிக்கில் அவளோடு வேலை செய்யும் ஒருவர் அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவதை மேலிருந்து பார்த்துவிட்டான். கதவைத் திறந்து உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. முதல் அடி இடது காதின் மேல் விழுந்தது. இரண்டாவது அடியில் தரையில் விழுந்தாள். அதற்குப் பிறகு எத்தனை என்று அவளுக்குத் தெரியாது.

அவன் கை கழுவப் போன நேரத்தில் எழுந்து வெளியே ஓடினாள். கிராப் கார் ஒன்றில் ஏறிக் கிள்ளானில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னாள். கார் ஓட்டிய மலாய்க்காரப் பெண், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று வழியில் மூன்று தடவை கேட்டார். விவியன் மூன்று தடவையும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அண்ணன் மாரிஸுக்கு நாற்பத்து நான்கு வயது. மேரு பக்கம் லோரி டயர் கடை வைத்திருந்தான். அப்பா அம்மா இருவரும் போன பிறகு, அவளுக்குப் பதினாலு வயதானதிலிருந்து அவளை வளர்த்து, படிக்க வைத்து, சர்ச்சில் ரயன் கையில் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். தங்கையின் காதிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்து அவன் சத்தம் போடவில்லை. ஒரு துண்டை நனைத்துத் துடைத்துவிட்டான். சாப்பிடச் சொன்னான். பிறகு வாசலில் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஷா ஆலமில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாசலில் ரயன் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, மாரிஸும் அவன் கடை ஆட்கள் இரண்டு பேரும் ஒரு வேனிலிருந்து இறங்கினார்கள். ஒரு ஆள் ரயனின் வயிற்றில் குத்தினான். இன்னொருவன் தலையில் சாக்கைப் போட்டான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

டயர் கடைக்குப் பின்னால் பழைய டயர்களை அடுக்கிவைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே இருந்த இரும்புத் தூணில் ரயனின் கைகளைப் பின்புறமாக நைலான் கயிற்றால் கட்டினார்கள். சிமெண்டுத் தரையில் கால்களை நீட்டி உட்காரவைத்து, அவன் அசையாமல் இருக்கத் தொடைகளின் மேல் ரிம்மோடு ஒரு லோரி டயரைத் தூக்கி வைத்தார்கள். கடை அன்றும் திறந்தே இருந்தது. முன்பக்கம் கம்பிரசர் ஓடும்போதெல்லாம் பின்பக்கம் மாரிஸ் அடித்தான். வாடிக்கையாளர்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த பிறகு, ஒன்று காட்ட வேண்டும் என்று சொல்லி மாரிஸ் விவியனைக் கடைக்கு அழைத்துப் போனான். ரயனின் முகம் அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவன் தண்ணீர் கேட்டான். மாரிஸ் அரைக் கை நீளமுள்ள ரப்பர் குழாய் ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"ஒன்பது வருஷம். ஒரு அடியாவது நீ திருப்பிக் குடு" என்றான்.

அவள் முதலில் வேண்டாம் என்றாள். பிறகு வாங்கினாள். முதல் அடியைத் தோளில் மெதுவாகத்தான் அடித்தாள். ரயன் அவளைப் பார்த்து, எப்போதும் வீட்டில் அவளைத் திட்டும் ஒரு வார்த்தையைச் சொன்னான். அதன் பிறகு அவள் கை நிற்கவில்லை. டயருக்கு வெளியே தெரிந்த தொடையிலும் இடுப்பிலும் மாறி மாறி அடித்தாள். அவன் கத்தினான், பிறகு கெஞ்சினான். அவன் கெஞ்சியபோது அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. பின்னாளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்த அடிகள் அல்ல, அந்தச் சந்தோஷம்தான். கை ஓய்ந்ததும் குழாயைப் போட்டுவிட்டு, அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வேனில் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

திங்கட்கிழமை அண்ணனிடம் போதும் விட்டுவிடு என்று சொன்னாள். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும், அப்போதுதான் ஜென்மத்துக்கும் உன் பக்கம் வரமாட்டான் என்றான் மாரிஸ். செவ்வாய்க்கிழமையும் சொன்னாள். போலீசுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. போனால் அண்ணன் மாட்டுவான், அவளும் மாட்டுவாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேநீர் குடிக்க ரயனின் கைகளை அவிழ்த்துவிட்டார்கள். டயரையும் இறக்கினார்கள். அவன் சூடான தேநீரை மாரிஸின் முகத்தில் வீசிவிட்டு எழுந்தான். நான்கு நாள் நசுங்கிக் கிடந்த கால்கள் அவனைத் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் தாடையில் மாரிஸ் டயர் கழற்றும் இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தான். எலும்பு உடையும் சத்தம் கடையின் முன்பக்கம் வரை கேட்டதாக கடை ஆட்களில் ஒருவன் பிறகு கோர்ட்டில் சொன்னான். மூன்று பற்கள் தரையில் விழுந்தன. ரயனின் வாயில் ரத்தம் நிறைந்து, அவன் மூச்சு இழுக்கும்போது குமிழிகளாக வெளியே வந்தது.

அப்போதுதான் மாரிஸுக்குப் பயம் வந்தது. அடிப்பதற்கு மட்டும்தான் அவன் துணிந்திருந்தான். ஆட்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றார்கள். மாரிஸ் வேறு வழி யோசித்தான். ரயனின் சிறுநீர் நாறிய கால்சட்டையைக் கழற்றித் தன்னுடைய வேறொன்றை மாட்டிவிட்டான். மணிக்கட்டுகளில் கயிறு பதிந்த காயங்கள் தெரிந்தன. அவனைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துப் போய், விபத்துக் காயம்போல் தெரிய, இரண்டு மணிக்கட்டுகளையும் தார் ரோட்டில் வைத்து, தோல் உரியும்வரை தேய்த்தான். பிறகு விவியனைக் கூப்பிட்டான். மனைவி கூட இருந்தால் டாக்டர்கள் அதிகம் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தான். மோட்டார் சைக்கிள் விபத்து, இன்று காலை, மேரு ரோட்டில், லோரி இடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இதையே அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தான்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அன்று மயக்க மருந்து நிபுணராக இருந்தவர் டாக்டர் சுரேகா. பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். வயது முப்பத்தெட்டு. பேச்சு குறைவு. கூட இருந்த நர்ஸ் மிஸி குமுதா, அந்தப் பிரிவில் இருபது வருட அனுபவம் உள்ளவர்.

ரயனைப் படுக்கவைக்க முடியவில்லை. படுக்கவைத்தால் உடைந்த தாடையோடு நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தபடி, ஆக்சிஜன் முகமூடியைப் பிய்த்து எறிந்துகொண்டே இருந்தான். இரண்டு பேர் அவன் தோள்களை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. கழுத்து வீங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு இயந்திரத்தில் எண்பத்தெட்டு. ரத்தத்தை உடனே பரிசோதிக்கும் கருவியில் முதல் சாம்பிள் உறைந்துவிட்டது. இரண்டாவது முறை எடுத்துக் கொடுத்திருந்தார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

அவனை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, தசைகளைத் தளரவைத்து, மூச்சுக்குழலுக்குள் குழாயை இறக்கியே ஆக வேண்டும். அதுவும் ஒரு நிமிடத்துக்குள். இதில் சந்தேகமே இல்லை. தசையைத் தளர்த்த எந்த மருந்து என்பதுதான் கேள்வி. குமுதா இரண்டு ஊசிகளையும் தட்டில் எடுத்துவைத்திருந்தார்.

ஒன்று ஸ்கோலின். சட்டென்று வேலை செய்யும், சட்டென்று விட்டும் போகும். குழாய் உள்ளே போகாவிட்டால் பத்து நிமிடத்துக்குள் நோயாளி தானாகவே மூச்சுவிடத் தொடங்க ஒரு வாய்ப்பு உண்டு. இவ்வளவு உடைந்த முகத்துக்கு அந்த வாய்ப்பைச் சுரேகா கைவிட விரும்பவில்லை. மற்றது ரொக்குரோனியம். அதே வேகத்தில் வேலை செய்யும் அளவுக்குக் கொடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் உடம்பில் ஒரு தசையும் அசையாது. அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. இவன் எடைக்கு ஏழு குப்பி வேண்டும். மூன்றாவது மாடி அலமாரியில் அன்று இருந்தது இரண்டு.

ஸ்கோலினிலும் ஒரு ஆபத்து உண்டு. தசையில் இருக்கும் பொட்டாசியத்தை அது ரத்தத்துக்குள் தள்ளிவிடும். இன்றைக்கு அடிபட்ட ஆளுக்கு அது பெரிதல்ல. நாள்கணக்கில் நசுங்கியோ அசையாமலோ கிடந்த தசையாக இருந்தால், அந்தப் பொட்டாசியம் மொத்தமாக வெள்ளம்போல் வந்து இதயத்தை நிறுத்திவிடும்.

சுரேகா மாரிஸிடம் எப்போது அடிபட்டது என்று கேட்டார். இன்று காலை எட்டரைக்கு என்றான். எங்கே, எப்படி என்பதையும் கேட்காமலே சொன்னான். அவர் ஸ்கோலினைக் கையில் எடுத்தார். அப்போது ரயன் முகமூடியைத் தட்டிவிட்டான். அவனுடைய மணிக்கட்டு அவர் கண்ணுக்கு நேராக வந்தது. தோல் வளையல்போல் சுற்றிலும் உரிந்திருந்தது. ரோட்டில் விழுந்தவனுக்கு உள்ளங்கை கிழியும், முழங்கை கிழியும். இவன் உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

சுரேகா ஊசியைக் கீழே வைக்காமலே திரும்பி விவியனைப் பார்த்தார்.

"நீங்கதான் மனைவியா? எனக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல, நல்லா கேட்டுக்குங்க. இது இன்னிக்குப் பட்ட அடின்னா இந்த மருந்து போடுவேன், அதான் அவருக்கு நல்லது. நாலஞ்சு நாளா எங்கயாவது கட்டிப்போட்டோ நசுக்கியோ வச்சிருந்தாங்கன்னா, இதைப் போட்ட உடனே இதயம் நின்னுரும். போலீஸ் வேலை எனக்கு வேணாம். எப்போ அடிபட்டதுன்னு மட்டும் சொல்லுங்க."

"காலையிலதான் டாக்டர், நான்தான் சொன்னேனே" என்றான் மாரிஸ். அவன் விரல்கள் விவியனின் முழங்கையை இறுக்கின.

விவியன் ஊசியைப் பார்த்தாள். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தலையைக்கூட ஆட்ட வேண்டாம். சும்மா நின்றால் போதும். விபத்தில் புருஷன் செத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் வீட்டுக்குப் போவான், அவள் வேலைக்குப் போவாள். மாடிக் கதவுக்குப் பின்னால் இனி யாரும் காத்திருக்கமாட்டார்கள். இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைத்ததைப் பிறகு அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ரயன் அவள் பக்கம் திரும்பினான். அவனால் பேச முடியவில்லை. ஒரு கண் மூடிக்கிடந்தது. இன்னொரு கண் அவளையே பார்த்தது.

இயந்திரத்தில் எண் எண்பத்தொன்றுக்கு இறங்கியது.

"இன்னிக்கு இல்ல டாக்டர்" என்றாள். "சனிக்கிழமையிலருந்து. தொடை மேல லோரி டயர வச்சுக் கட்டிப்போட்டிருந்தாங்க. நானும் அடிச்சேன்."

மாரிஸ் அவளை அறைந்தான். அடிபட்டிருந்த அதே பக்கம் விழுந்த அறையில் அவள் மருந்துத் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்து, தட்டோடு தரையில் விழுந்தாள். அவன் அவள் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். பிள்ளைமாதிரி வளர்த்தேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அவள் தலையைச் சுவரில் இடித்தான். காவலாளிகள் இரண்டு பேரும், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ் பொண்டோக் சாவடியிலிருந்து ஓடிவந்த ஒருவரும் சேர்ந்துதான் அவனைப் பிரித்து இழுத்துப் போனார்கள்.

சுரேகா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஸ்கோலினைக் குப்பையில் போட்டார். "மிஸி, ரொக்குரோனியம். கால்சியம் எடுத்து வைங்க. கழுத்தைத் துடைச்சு, கத்தியைப் பிரிச்சு கையில வச்சுக்குங்க" என்றார். குமுதா கத்தரியால் கால்சட்டையை வெட்டித் திறந்தார். இரண்டு தொடைகளும் கறுத்து, தோல் பளபளக்கும்படி வீங்கிக் கிடந்தன. இருபது வருட அனுபவம் உள்ள குமுதா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

மயக்க மருந்து போனது. அதன் பின்னாலேயே ரொக்குரோனியமும் போனது. நாற்பது வினாடியில் ரயனின் போராட்டம் அடங்கியது. கைகள் துவண்டன, மார்பு நின்றது. இனி அவன் மூச்சு முழுவதும் சுரேகாவின் பொறுப்பு. கேமரா பொருத்திய கருவியை வாய்க்குள் நுழைத்தார். திரையில் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார்கள், மறுபடி நிறைந்தது. உடைந்த தாடை கையோடு தனியாக அசைந்தது. இன்னொரு தடவை முயன்றார். குழாய் உணவுக்குழலுக்குள் போனது, உருவினார். முகமூடியை வைத்து அழுத்திப் பார்த்தார்கள், காற்று போகவில்லை. எழுபது. அறுபத்திரண்டு. உதடு நீலமானது.

ஸ்கோலினாக இருந்திருந்தால் மருந்து தணியும் வரை காத்திருக்கலாம் என்று அவர் மனது சொன்னது. கையை நீட்டினார். குமுதா கத்தியை அதில் வைத்தார்.

உயிருள்ள ஒருவரின் கழுத்தைச் சுரேகா அதற்குமுன் ஒரே ஒரு முறைதான் அறுத்திருந்தார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. விரலால் குரல்வளைக்குக் கீழே இருந்த பள்ளத்தைத் தேடினார். வீக்கத்தில் அது புதைந்திருந்தது. நெடுக்காக அறுத்தார். ரத்தம் கையுறையைத் தாண்டி மணிக்கட்டுவரை வழிந்தது. விரலை உள்ளே விட்டுத் தடவி, இரண்டாவது தடவை குறுக்காகக் குத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஓட்டைக்குள் குழாயைச் செருகிப் பையை அழுத்தச் சொன்னார். மார்பு உயர்ந்தது. ஐம்பத்து நான்கில் நின்ற எண் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு ஏறத் தொடங்கியது.

தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான் பரிசோதனை முடிவு வந்தது. ஐந்தரையைத் தாண்டக்கூடாத பொட்டாசியம் ஏழு புள்ளி மூன்று. இதயத்தைக் காக்கும் கால்சியம் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுக் காகிதத்தைச் சுரேகா இரண்டு தடவை படித்துவிட்டுக் குமுதாவிடம் கொடுத்தார். குமுதா அதைப் படித்துவிட்டு, குப்பையில் கிடந்த ஊசியைப் பார்த்தார். ரயனை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே தொடைகளில் நீளமாகக் கீறி, வீங்கிய தசைக்கு இடம் கொடுத்தார்கள். தாடையைக் கம்பியால் பிணைத்தார்கள்.

மாலை நான்கு மணிக்குச் சுரேகா வெளியே வந்தபோது, விவியன் ஒரு பெண் போலீஸ்காரரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். ரயன் உயிரோடு இருக்கிறான், சிறுநீரகம் வேலை செய்யவில்லை, பிழைப்பானா என்பது மூன்று நாளில் தெரியும் என்று சுரேகா சொன்னார். அவள் தலையசைத்தாள். பிறகு, தான் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் செத்திருப்பானா என்று கேட்டாள். ஆமாம் என்றார் சுரேகா.

"நான் யோசிச்சேன் டாக்டர். சொல்லாம இருந்துரலாம்னு."

"பார்த்தேன்" என்றார் சுரேகா. அவருக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அந்தத் தயக்கத்தில் இறங்கிய ஏழு எண்களை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் காதோரம் பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்த காயம் இன்றையது அல்ல என்பதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அருகில் உட்கார்ந்து, அந்தக் காதை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. காது டாக்டருக்குத் தானே போன் செய்து, அன்றே பார்க்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

ரயன் பிழைத்தான். மூன்று வாரம் டயாலிசிஸ் செய்தார்கள். வலது கால் முழுதாகத் திரும்பவில்லை, குரலும் கரகரத்துப்போனது. விசாரணையில் சுரேகா சாட்சி சொன்னார். எந்த மருந்து, ஏன் என்று கேட்டார்கள், விளக்கினார். நோயாளியின் மனைவி சொன்ன ஒரு வாக்கியத்தால்தான் மருந்தை மாற்றினேன் என்றார். மாரிஸுக்கு ஏழு வருடம் கிடைத்தது. கடை ஆட்கள் இருவருக்கும் இரண்டு வருடம். அடித்ததை விவியன் ஒப்புக்கொண்டாள். அவளை நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். விவியனை ஹெல்மெட்டால் அடித்த வழக்கில் ரயன் பதினெட்டு மாதம் உள்ளே போனான். ஊன்றுகோலோடு கூண்டில் நின்றவன் கடைசிவரை அவள் பக்கம் பார்க்கவில்லை.

அவள் ரவாங்கில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். மாதம் ஒரு முறை சிறைக்குப் போய் அண்ணனைப் பார்க்க மனு எழுதிக்கொடுத்தாள். மாரிஸ் மூன்று தடவை வர மறுத்துவிட்டான். நான்காவது தடவை வந்தான். மெலிந்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தான்.

"நீ சொல்லலன்னா அவன் செத்திருப்பான், இல்ல?"

"ஆமாண்ணே."

"நான் அதுக்கும் தயாராதான் இருந்தேன் விவி. உனக்காக."

"நான் தயாரா இல்லண்ணே" என்றாள்.

அவன் தலை குனிந்தான். பிறகு, கடையை வாங்க ஒரு சீனர் கேட்டிருக்கிறார், கொடுத்துவிடலாமா என்று கேட்டான். கொடுத்துவிடலாம் என்றாள். மேலும் பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினார்கள்.